ராமேஸ்வரம் தீவும் மன்னார்த் தீவும்: ஒரே மணல், வேறு வேறு தண்ணீர்

கேள்வி இதுதான். ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவும் இலங்கையின் மன்னார்த் தீவும் வரைபடத்தில் ஒன்றை நோக்கி ஒன்று கை நீட்டிக்கொண்டு கிடக்கின்றன. நடுவில் இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல், அதுவும் ஆழமில்லாத கடல். அப்படியானால் நாடுதான் வேறு, இயற்கைச் சூழல் ஒன்றுதானே?

தரையில் நின்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான். அதே மணல், அதே பனை, அதே முள்மரம், வருடத்தில் பாதி நாள் காதை அடைக்கும் அதே காற்று. கரையைத் தாண்டித் தண்ணீரில் கால் வைத்ததும் கதை மாறிவிடும். என் கணக்கில் பாம்பன் என்பது பவளப்பாறையை ஒட்டி வளர்ந்து, தென்கிழக்கே நீளமான மணல் வால் விட்ட தீவு. மன்னார் என்பது முதுகுப் பக்கம் சேறு படிந்த மணல் தீவு. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீன், பறவை, இன்றைய தகராறுகள் வரை பலவும் விளங்கும்.

முதலில் பொதுவானதைப் பார்த்துவிடலாம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைக்கூடத் தொடாது. ஆகவே அந்தக் காலத்தில் இது முழுக்கத் தரை. ராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். பனி உருகி, சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்கு அருகில் வந்து நின்றது. அதன்பிறகு அலையும் காற்றும் மணலைத் தள்ளித் தள்ளிச் சேர்த்த மேடுதான் இன்று பாம்பன் தீவின் நுனியான அரிச்சல்முனை, நடுவிலுள்ள மணல்திட்டுகள், மன்னார்த் தீவின் நுனியான தலைமன்னார் என்று துண்டு துண்டாகத் தெரிகிறது. ராமர் பாலம் அல்லது ஆதாம் பாலம் என்று நாம் சொல்லும் அந்தத் திட்டு வரிசையின் இரண்டு நுனிகளும் இந்தத் தீவுகள்தான்.

இந்த மணல் இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மணலை ஒரு பக்கம் தள்ளும். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்று அதைத் திருப்பித் தள்ளும். அரிச்சல்முனையின் நுனி இந்த வருடம் இருக்கும் வடிவத்தில் அடுத்த வருடம் இருக்காது. நடுக்கடல் திட்டுகளும் அப்படித்தான்: சில மறையும், சில புதிதாகத் தலைகாட்டும்.

அளவில் மன்னார் பெரியது. பாம்பன் தீவு 67 சதுர கிலோமீட்டர் என்றால் மன்னார் 130 போல வரும். நீளம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 30 கிலோமீட்டருக்குள். ஆனால் பாம்பனின் மேற்குப் பாதிதான் அகலம். ராமேஸ்வரத்தைத் தாண்டினால் தனுஷ்கோடி வரை இரண்டு பக்கமும் கடல் தெரியும் ஒல்லியான மணல்பட்டை. மன்னார் அப்படி இல்லை. நடுவில் நல்ல அகலம் உண்டு, ஊர்களும் பனங்காடுகளும் உள்ளே தள்ளி இருக்கலாம். 1964 டிசம்பர் 22-23 இரவில் வந்த புயல் இரண்டு தீவுகளையும் தாக்கியது. தலைமன்னாரில் சேதம், தனுஷ்கோடியில் ஊரே போய்விட்டது. ரயிலும் பயணிகளும் கடலில் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒல்லியான, உயரமில்லாத மணல்பட்டையின் மேல் துறைமுகமும் ரயில் நிலையமும் கட்டியதற்கு நிலம் கொடுத்த பதில் அது என்றே நினைக்கிறேன்.

வானிலையில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டும் வறண்ட மண்டலம். மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்.

இப்போது கடலுக்கு வருவோம். இரண்டு தீவுகளுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் மீனவர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே கோடைக்காலம் முழுக்க அலை எழும். வடக்கு அப்போது குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். பெண் கடல் அந்த மாதங்களில் கலங்கி, கொந்தளித்து, கரையில் கட்டிய வள்ளத்தைக்கூட விட்டுவைக்காது.

இந்த இரண்டு கடலும் இரண்டு தீவையும் தொடுகின்றன. பிறகு ஏன் வேறுபாடு? ஆறு. அதுதான் விடை.

பாம்பன் தீவுக்கு அருகில் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் விரிகுடாவில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வண்டல் வராததால் தண்ணீர் தெளிவாக இருக்கும். தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கும். பவளம் வளர வேறென்ன வேண்டும்?

ஆகவே தீவின் வடகரையை ஒட்டிப் பவளத்திட்டு ஓடுகிறது. ஓலைக்குடா பக்கம் போய், நீர் வற்றிய நேரத்தில் நின்றால் கரையிலிருந்தே அதன் விளிம்பு தெரியும். அதைவிடச் சுவையான சங்கதி, கால் வைக்கும் பாறையே செத்த பவளம் என்பதுதான். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைவிடக் கொஞ்சம் உயரமாக நின்ற காலத்தில் வளர்ந்த பவளம், கடல் பின்வாங்கியதும் காற்றில் மாட்டிக்கொண்டு பாறையாகிவிட்டது. குனிந்து பார்த்தால் வட்ட வட்டமான பவளத் தலைகள் வளர்ந்த கோலத்திலேயே தெரியும். புவியியல் படிப்பவர்கள் இந்தக் கரையைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு.

தீவின் தென்மேற்கு மூலையில் குந்துகால். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குருசடைத் தீவு. அதில் தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாக 21 சிறு தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. இந்தப் பகுதியில் பதிவான கட்டிப்பவள வகைகள் மட்டும் 117. பதிவேட்டில் 21 தீவு என்றாலும், தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரை பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். அலையைத் தடுக்கும் திட்டை எடுத்துவிட்டால் பின்னால் இருக்கும் மணல் எத்தனை நாள் நிற்கும்? 2001-ல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் வந்தது. வெட்டுவது நின்றது. ஆனால் சூடு நிற்கவில்லை. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் பவளம் வெளுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி தேறவே இல்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, வளர்த்த இடத்திலிருந்து தப்பிக் குருசடைப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியது. பாம்பன் பெண்கள் தலைமுறைகளாக முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை. அவற்றை இதோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, மன்னாருக்குப் போவோம். அங்கே தீவின் தெற்கே, அரிப்பு என்ற ஊருக்கு அருகில், அருவி ஆறு கடலில் கலக்கிறது. மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் சொல்வார்கள். 164 கிலோமீட்டர் நீளம், இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. அநுராதபுரத்து வயல்களையெல்லாம் தொட்டுக்கொண்டு வரும் மண் இந்தக் கரையில் இறங்குகிறது. வடக்கிலும் சிறு ஆறுகள் உண்டு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருப்பது பாம்பன் கால்வாய் மாதிரி நீரோட்டம் பாயும் இடைவெளி இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறும் உவர்நிலமும்தான். தீவையும் பெருநிலத்தையும் இணைத்து மூன்று கிலோமீட்டர் போல நீளும் தாம்போதியில், அதாவது நீரின் குறுக்கே போட்ட சாலையில், வண்டியில் போகும்போதே இரண்டு பக்கமும் அது தெரியும். நீர் வற்றும் மாதங்களில் உப்பு பூத்துக் கிடக்கும்; பக்கத்திலேயே உப்பளம்.

சேறு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கரையோரத்தில் அதிக உயிரைச் சுமப்பது சேறுதான். புழு, சிப்பி, இறால் குஞ்சு, நண்டு எல்லாம் அதில்தான் தொடங்குகின்றன. மன்னார் நண்டுக்குக் கொழும்பில் இருக்கும் மரியாதை சும்மா வந்ததில்லை. வடக்கே விடத்தல்தீவுப் பக்கம் கண்டல் என்னும் அலையாத்திக் காடுகள் நன்றாக நிற்கின்றன. பாம்பன் தீவில் கண்டலே இல்லை என்று சொல்ல மாட்டேன், அங்கங்கே கொஞ்சம் உண்டு. மன்னார்க் கரையோடு வைத்துப் பார்க்க முடியாது.

பவளம் மன்னார்ப் பக்கம் இல்லாமல் போகவில்லை. வங்காலை, சிலாவத்துறைக்கு நேரே கடலுக்குள் திட்டுகள் உண்டு. பழைய முத்துக்குளிப்புப் பார்களும், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளும், அந்தக் கடலில்தான். ஆனால் ஓலைக்குடாவில் பார்ப்பதுபோல் தீவின் கரையிலேயே காலில் தட்டுவதில்லை. கலங்கல் நீரைப் பவளம் விரும்பாது. கரையை விட்டு, தெளிந்த இடம் பார்த்துத் தள்ளிப்போய்தான் வளரும்.

பறவைகளிலும் சேற்றின் கை ஓங்கியிருக்கிறது. வடக்கே மத்திய ஆசியாவிலிருந்து இறங்கி வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார். தாம்போதியின் பெருநிலப் பக்கத்திலுள்ள வங்காலைச் சரணாலயம், ஏறக்குறைய 4,800 ஹெக்டேர், 2010-ல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள் என்று ஆயிரக்கணக்கில் இறங்கும். பாம்பன் தீவிலும் பூநாரை வருகிறது. தனுஷ்கோடிப் போகும் வழியில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய ஆழமற்ற நீர்ப்பரப்பு அவற்றின் இடம். தமிழக அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்தது. இரண்டு கரையிலும் இருப்பது வேறு வேறு கூட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. பறவைக்கு முப்பது கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

நடுக்கடல் திட்டுகளையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மனிதர், நாய், பூனை இல்லாத மணல். ஆலா இனப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது. இலங்கை தன் பக்கத்துத் திட்டுகளை 2015-ல் ஆதாம் பாலக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டது.

எனக்குப் பிடித்த செய்தி தரைப்பறவைகள் பற்றியது. நம் ஊரில் கரிச்சான் குருவியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்கம்பிக்கு ஒன்று உட்கார்ந்திருக்கும். இலங்கையில் அது வடக்கிலும் வடமேற்கிலும் மட்டும்தான். கௌதாரியும் அப்படியே. ஆகவே கொழும்பிலிருந்து பறவை பார்க்கும் ஆட்கள் இவற்றைக் குறிப்பேட்டில் சேர்க்கவே மன்னாருக்கு வருகிறார்கள். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் சிரிப்பார். உயிரினக் கணக்கில் மன்னார் இலங்கையைவிட ராமநாதபுரத்துக்கு நெருக்கம் என்பதற்கு இது நல்ல சான்று. குடை விரித்தாற்போல் தட்டையாக நிற்கும் உடைமரமும் அதே கதைதான்: ராமநாதபுரத்தில் எங்கும், இலங்கையில் மன்னாரை ஒட்டிய வறண்ட கரையில்.

மணல்மேட்டில் இரண்டு பக்கமும் அடும்பங்கொடி, கூடவே ராவணன் மீசை. பந்து மாதிரி முள்தலையோடு காற்றில் உருண்டு போகும் அந்தப் புல்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பாம்பனில் இவற்றோடு சீமைக்கருவேலமும் சவுக்கும் மிகுதி. இரண்டும் மனிதர் கொண்டுவந்தவை. மன்னாரில் மனிதர் கொண்டுவந்த மரம் வேறு. பெருக்க மரம். ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான இதை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். பள்ளிமுனையில் நிற்கும் ஒன்றின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். கட்டாக்காலிக் கழுதைகளும் மன்னாரின் அடையாளம். பொதி சுமக்க வந்தவற்றின் வாரிசுகள், லாரி வந்தபின் தெருவில் விடப்பட்டவை. மேய்ந்தே ஒரு நிலத்தின் செடிகொடியை மாற்றிவிடும் விலங்கு இது, ஆகவே இயற்கைச் சூழல் பற்றிப் பேசும்போது விட்டுவிட முடியாது.

குடிநீர் விஷயத்தில் இரண்டும் ஒரே நிலைதான், ஆனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மணல் தீவில் பெய்யும் மழை கீழே இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கும். நன்னீர் இலேசு, கடல்நீர் கனம் என்பதால் கலக்காமல் நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது இதனால்தான். தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நன்னீர் கிடைப்பதும், ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பக்தர்கள் கோபிக்க வேண்டாம். அதிசயத்துக்குக் காரணம் தெரிந்தால் அதிசயம் குறைந்துவிடாது.

ஆபத்து என்னவென்றால், மேலே நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது அடி அளவுக்கு ஏறும். இந்தப் பௌதிகம் தெரியாமல் மோட்டார் வைத்து உறிஞ்சினால் கிணறு உப்பாகும், பிறகு பல மழைக்காலம் பொறுக்க வேண்டும். இன்று இரண்டு தீவும் பெரும்பாலும் வெளித்தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. ராமேஸ்வரத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர், மன்னாருக்கு முருங்கன் பக்கத்துக் கிணறுகள்.

இன்றைய நெருக்கடிகள் இரண்டு பக்கமும் வேறு வேறாகப் போவதற்கு இயற்கையைவிட வரலாறு காரணம். போர்க்காலத்தில் மன்னாரில் யாரும் விடுதி கட்டவில்லை, சாலை போடவில்லை. ராமேஸ்வரமோ நாடு முழுவதிலிருந்தும் யாத்ரீகர் வரும் ஊர். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போனபின் முன்பு ஜீப்பிலும் கால்நடையாகவும் போன இடத்துக்குப் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. ஆமை முட்டையிடும் மணலில் பிளாஸ்டிக்கும் விளக்கு வெளிச்சமும். என்னைக் கேட்டால் பாம்பன் தீவுக்கு இன்று பெரிய சுமை கூட்டம்தான், அதற்கடுத்து விசைப்படகு. பாக் விரிகுடாவின் அடித்தளம் கடற்புல். விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி அந்தப் புல்லை வழித்துக்கொண்டு போகிறது. ஆவுளியா என்று நம் மீனவர் சொல்லும் கடற்பசு தின்பது பெரும்பாலும் அந்தப் புல்லைத்தான். தமிழகம் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக்கியது நல்ல காரியம். ஆனால் விலங்குக்கு எல்லைக்கோடு தெரியாது, மடிக்கும் தெரியவில்லை. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது; தமிழகக் கரையில் அது இன்னும் பெரிய தொழில்.

கடலடியில் ஊரும் வெள்ளரிக்காய் வடிவ உயிரான கடல் அட்டையில் நிலைமை நேர் எதிர். இந்தியாவில் 2001 முதல் பிடிக்கவே கூடாது, பிடித்தால் சிறை. எதிர்க்கரையில் அனுமதிச் சீட்டோடு பிடிக்கலாம், கடலில் வேலி கட்டி வளர்க்கவும் செய்கிறார்கள். ஒரே கடலின் ஒரே அட்டை, கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் ஏற்றுமதி. கடத்தல் ஓயாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதில் எந்தச் சட்டம் சரி என்று கேட்டால், இரண்டு நாடும் உட்கார்ந்து ஒரே விதியாக்காதவரை இரண்டுமே பாதி வேலைதான் செய்யும் என்பேன்.

மன்னாரின் சுமை வேறு: காற்றும் மணலும். தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் தொடங்கியது. மேலும் காற்றாலைகள் வரும் என்றதும், வலசைப் பாதையில் சுழலும் இறக்கைகள் பற்றியும், அடித்தளத்துக்காகத் தோண்டினால் மழைநீர் வடியும் வழி அடைபடுமா என்பது பற்றியும் கேள்விகள் எழுந்தன. மணலில் இல்மனைட் என்ற டைட்டேனியம் தாது இருக்கிறது. அதை அள்ளும் திட்டத்துக்கு எதிராகவும் காற்றாலைக்கு எதிராகவும் 2025-ல் மன்னாரில் நீண்ட போராட்டம் நடந்தது. மேலே சொன்ன நன்னீர்ப் படலத்தை நினைத்தால் மக்களின் பயம் புரியும். மணல்தான் அந்தத் தண்ணீரைத் தாங்கும் பாத்திரம். காற்றாலையையும் மணல் அள்ளுவதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். முன்னதை இடம் பார்த்து வைக்க முடியும், பின்னதில் போனது திரும்பாது.

நேரில் பார்த்து ஒப்பிட விரும்பினால், இப்போதைக்கு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நேரடிப் படகு இல்லை. தனித்தனியாகத்தான் போக வேண்டும். பாம்பனுக்குப் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள்: வாடை ஓய்ந்து வடகடல் தெளிந்திருக்கும், ஓலைக்குடாவில் நீர் வற்றும் நேரத்தைக் கரையிலுள்ள மீனவரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினால் பவளப்பாறையைப் பார்க்கலாம், பூநாரையும் பெரும்பாலும் இருக்கும். மன்னாருக்கு ஜனவரி நல்லது. அதிகாலையில் தாம்போதியிலும் வங்காலையிலும் நின்றுவிட்டு, வெயில் ஏறியதும் பள்ளிமுனை, பேசாலை வழியாகத் தலைமன்னாருக்குப் போகலாம்.